ஈரமான கிட்டாரும் உலர்ந்த டிரம்ஸும்

சர்ஃப் இசையைப் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் எல்லாரும் கிட்டாரிலிருந்து தொடங்குவதே வழக்கம். பெரும்பாலும் வார்த்தை இல்லாத அந்தச் சங்கீதத்தில் பாடகரின் ஸ்தானத்தில் நிற்பது கிட்டார்தான் என்பதால் அந்த வழக்கத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும் வீட்டில் ஓர் அறையை ஒழித்துவைத்து, ஒரு கணினியும் இரண்டு மைக்குமாக, தனியொருவராக இந்த இசையைப் பதிவு செய்ய முற்படும் அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. கிட்டாரை எப்படியும் பதிவு செய்துவிடலாம்; அதற்கு வேண்டிய சாமான்கள் இன்று கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன, கற்றுக்கொடுக்கவும் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு பதிவைக் கேட்கிறவர் தலையாட்டிக்கொண்டு கடைசி வரை கேட்பதும், பத்தாவது விநாடியிலேயே அடுத்ததற்குப் போய்விடுவதும் தீர்மானமாகிற இடம் டிரம்ஸ். ஆகையால் இந்த நீண்ட பதிவு பெரும்பாலும் தாளத்தைப் பற்றியதாகவே இருக்கும். கிட்டார் தன் முறை வரும்வரை சற்றுக் காத்திருக்கட்டும்.

இந்த இசையை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தென் கலிபோர்னியாக் கடற்கரையில், அலைச்சறுக்கில் பித்துப் பிடித்த இளைஞர்கள் மாலை வேளைகளில் கூடி ஆடிய நடனக் கூடங்களில் வளர்ந்தது இது. அதன் மூலபுருஷர்களில் முதல்வராகச் சொல்லப்படும் டிக் டேல், லெபனான் வம்சத்துத் தந்தைக்குப் பிறந்தவர். இளமையிலேயே உறவினர் ஒருவர் மூலம் ஊத் என்ற அரபு நரம்புக் கருவியோடும், தரபுக்கா என்ற தோற்கருவியோடும் பழகியவர். கிட்டாரின் கம்பிகளை அவர் மேலும் கீழுமாக இடைவிடாமல் அடித்து வாசித்த அந்த வேகம், நரம்பை மீட்டுகிறவனுடைய வேகம் என்பதைவிட, தோலை அடிக்கிறவனுடைய வேகம் என்றே சொல்லவேண்டும். 1962இல் அவர் வெளியிட்ட ‘மிஸர்லூ’ கிழக்கு மத்தியதரைக் கடல் பிரதேசத்துப் பழைய மெட்டு. அதன் ஸ்வரங்களைக் கூர்ந்து கேட்கிற நம்மவர் எவருக்கும் நம் வீட்டுத் திண்ணையில் குழந்தைகள் சரளி வரிசை பாடுகிற ஞாபகம் வந்தே தீரும். ஏனென்றால் அது மாயாமாளவகௌளையின் ஸ்வரக் கட்டு. பதினைந்தாவது மேளம் பசிபிக் கடற்கரை வரை போய் மின்சாரக் கிட்டாரில் ஏறிக்கொண்டது என்பதில் நமக்குச் சிறிது பெருமிதம் கொள்ள உரிமை உண்டென்றே நினைக்கிறேன்.

இதை நான் மரக்காணத்திலிருந்து எழுதுகிறேன். வடக்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும், தெற்கே கோட்டக்குப்பத்தை அடுத்த கடற்கரையிலும் பலகையும் கையுமாக அலையில் இறங்கும் பிள்ளைகள் இப்போது ஏராளம். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியே நடந்தது. எங்கள் ஊர் அந்த இரண்டுக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில், மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட உப்பளத்தை விரித்துப் போட்டுக்கொண்டு கிடக்கிறது. இங்கே பலகை என்றால் நீண்ட கழியில் பூட்டி உப்பை வாருகிற பலகைதான். ஆனாலும் நரம்புக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த நெய்தல் நிலத்தில் நடமாடுகிறவன் இவ்வூருக்குப் புதியவன் அல்லன். சங்க நூல்களில் எயிற்பட்டினம் என்று வருகிற ஊர் மரக்காணமே என்பது அறிஞர் பலருடைய கருத்து. நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லுகிற சிறுபாணாற்றுப்படை, சீறியாழைச் சுமந்தவனை இந்தப் பட்டினத்தின் வழியாகவே அனுப்பிவைக்கிறது. அதைப் பாடிய நத்தத்தனாரின் பெயருக்கு முன்னால் நிற்கும் இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரோடு எங்களுக்கு வடக்கே பேரூராட்சியாக இருந்துவருகிறது. அந்த நூலில் கொற்கையை வருணிக்கும் இடத்தில் ஒரு காட்சி உண்டு: உப்பு வண்டிகளோடு வந்த உமணர் வளர்த்த மந்தியொன்று, அவர்கள் குழந்தைகளோடு சேர்ந்து, கிளிஞ்சலுக்குள் முத்தை அடைத்துக் கிலுகிலி ஆட்டி விளையாடுகிறது. தமிழாசிரியர்கள் அதைக் கொற்கையின் செல்வச் செழிப்புக்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஒலிப்பதிவில் ஈடுபட்டவன் படித்தால், ‘ஷேக்கர் வாசிக்கக் குரங்கு கிடைத்த பாக்கியவான்கள்’ என்றுதான் நினைப்பான்.

எட்டு எண்ணிக்கைக்குள் ஒரு கடல்

சர்ஃப் தாளத்தின் அடிப்படை மிகவும் எளியது. எட்டு எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலும் ஐந்திலும் காலால் மிதிக்கிற கிக் டிரம். மூன்றிலும் நான்கிலும் அடுத்தடுத்து இரண்டு ஸ்னேர் அடி. ஏழில் ஒற்றை ஸ்னேர் அடி. எட்டு எண்ணிக்கையிலும் விடாமல் ரைடு சிம்பல். கொன்னக்கோலாகச் சொன்னால், தும்– தக தும்– தக்–. நிமிஷத்துக்கு 160 அடி என்கிற சாதாரண சர்ஃப் வேகத்தில் இந்த எட்டும் சேர்ந்து ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும். முதலில் வருகிற இரட்டை அடி ஆளை முன்னால் தள்ளும். பின்னால் வருகிற ஒற்றை அடி பிடித்து நிறுத்தும். தள்ளுவதும் நிறுத்துவதுமாகிய இந்தப் போராட்டத்தின் மேல்தான் கிட்டார் சறுக்கிக்கொண்டு போகிறது. இந்த இரட்டை அடியில் இரண்டாவது அடி முதலாவதைவிடச் சற்று மெலிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இந்த இசையின் மிகப் பிரசித்தமான தாள விருந்து, சர்ஃபாரிஸ் என்ற பையன்கள் குழு 1963இல் வெளியிட்ட ‘வைப் அவுட்’ என்ற பதிவு. அதில் ரான் வில்சன் என்ற இளைஞர் டாம் டிரம்களில் உருட்டி எடுக்கிற அந்தத் தனி, பெரிய கச்சேரிக் கலைஞர்களிடம் கற்றதன்று. பள்ளிக்கூடத்து அணிவகுப்புப் பேண்டு வாத்தியத்தில் அவர் அடித்துக்கொண்டிருந்த நடைக்கு வேகம் கூட்டியதே அது. பதிவான இடமும் பெரிய கம்பெனியின் மாளிகை அல்ல. குக்கமோங்கா என்ற சிற்றூரில் பால் பஃப் என்பவர் நடத்திய சிறிய கூடம். அங்கே ஐந்து தடங்களில் பதியும் டேப் இயந்திரத்தை அவரே தம் கையால் கட்டியிருந்தார். பாட்டின் ஆரம்பத்தில் கேட்கிற ‘சடக்’ என்ற முறிவுச் சத்தத்துக்கு மைக்கின் அருகில் ஒரு பலகைத் துண்டை உடைத்தார்கள். அதை அடுத்துக் கேட்கிற வெடிச் சிரிப்புக்கு ஒருவரைச் சிரிக்க வைத்தார்கள். உலகம் முழுவதும் பரவிய பதிவுக்கு மூலதனம் ஒரு பள்ளிக்கூடத்துத் தாளமும், கைவேலைக்காரர் ஒருவருடைய இயந்திரமும், உடைந்த பலகையும் என்றால், நம் கொல்லைப்புற அறையைப் பார்த்து நாம் வெட்கப்பட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. நம் நாட்டிலேயே அதற்கு அத்தாட்சி உண்டு. 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்துப் பாடல்களை ஏ.ஆர். ரஹ்மான் உருவாக்கிய பஞ்சதன் ரெக்கார்ட் இன், கோடம்பாக்கத்தில் அவர் வீட்டோடு சேர்ந்த கூடம்தானே!

பேண்டு செட் தம்பி

பள்ளிக்கூடத்துப் பேண்டு என்றதும் எனக்கு எங்கள் பக்கத்துப் பேண்டு செட் நினைவுக்கு வந்தது இயற்கையே. கல்யாண ஊர்வலம், திருவிழா, சாவு என்று எதற்கும் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு புறப்படுகிற குழுக்கள் இந்தக் கரையோரத்தில் உண்டு. அவற்றில் ஒன்றில் சைடு டிரம் வாசிக்கும் தம்பி ஒருவரைப் பேசி, ஒரு பகல் முழுவதும் எனக்காக ஒதுக்கச் சொல்லி அழைத்து வந்தேன். கணினியில் ‘வைப் அவுட்’டைப் போட்டுக் காட்டியதும் அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை.

“இது நம்ம ஊர்வல அடிதானேண்ணே? கொஞ்சம் ஓட்டமா அடிக்கிறாரு, அவ்வளவுதான்” என்றார்.

“அதேதான் தம்பி. ஆனா மூணு நிமிஷமும் அந்த ஓட்டம் குறையக் கூடாது.”

“அது ஆகும்ண்ணே. காதுல டிக்குடிக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கீங்க பாருங்க, அதை மட்டும் எடுத்துடுங்க. அது கூட நடக்கச் சொன்னா எனக்குக் கால் பின்னுது.”

அவர் சொன்னதில் இருந்த உண்மை எந்தப் பாடப் புத்தகத்திலும் குறைந்ததன்று. மெட்ரோனோம் என்கிற அந்தக் கடிகாரச் சத்தத்தை டிரம்ஸ்காரர் காதில் நேராகக் கொடுப்பதைவிட, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நாம் ஒரு சாதாரணத் தாளக் கிட்டாரை முன்னதாகப் பதிந்து வைத்து, கடிகாரத்தை நீக்கிவிட்டுக் கிட்டாரை மட்டும் அவருக்குக் கொடுப்பது உத்தமம். வேகம் கட்டுக்குள் இருக்கும்; ஆனால் அவருக்கு ஒரு மனிதனோடு சேர்ந்து வாசிக்கிற தெம்பு இருக்கும். வழித்துணை கிடைத்ததும் தம்பிக்குக் கால் பின்னவில்லை.

பதிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படலாம். ஸ்னேருக்கு, சைடு டிரம்மைத் தோள்வாரிலேயே மாட்டி, நின்றபடியே வாசிக்கச் சொன்னேன். நாற்காலியின் மேல் வைத்தால் அடித்தோலில் உள்ள ஸ்னேர்க் கம்பிகள் அமுங்கி அதன் உயிரே போய்விடும். மேல்தோலை நன்றாக இழுத்துக் கட்டி, அப்படியும் மிஞ்சிய ரீங்காரத்தை அடக்க ஒரு கைக்குட்டையை நாலாக மடித்து ஓரத்தில் ஒட்டினோம். ஒரு மைக் அவர் தலைக்கு மேலிருந்து டிரம்மைப் பார்த்தபடி. இன்னொன்று பக்கவாட்டில், அவருடைய வலது தோளுக்குச் சற்றுப் பின்னால். இரண்டு மைக்கிலிருந்தும் டிரம்மின் நடுப்புள்ளிக்கு உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகிறது. தூரத்தில் வேற்றுமை இருந்தால் ஒரே அடி இரண்டு மைக்கிலும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்து, ஒன்றையொன்று தின்று, சத்தம் சோகை பிடித்ததுபோல் வெளுத்துவிடும். அளவுகோலைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு நூலின் நுனியைத் தம்பி டிரம்மின் நடுவில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுநுனியை நான் முதல் மைக் வரை இழுத்து முடிச்சுப் போட்டேன். அதே முடிச்சை இரண்டாவது மைக்குக்குக் கொண்டுபோய் அது தொடும் இடத்தில் மைக்கை நிறுத்தினேன். ஆங்கில ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் 1960களின் பிற்பகுதியில் பிரபலமாக்கிய முறையின் சாரம் இவ்வளவுதான். அவர் முழு டிரம் செட்டுக்குச் செய்ததை நாங்கள் ஒற்றை டிரம்முக்குச் செய்தோம்.

கிக் டிரம்முக்குப் பேண்டு செட்டின் பெரிய டிரம்மே போதுமானதாயிற்று. அதைத் தரையில் நிறுத்தி, ஒரு பக்கத் தோலில் பழைய போர்வையைச் சாய்த்துவைத்து, பஞ்சு கட்டிய கொட்டுக்கோலால் ஒன்றிலும் ஐந்திலும் மட்டும் தட்டச் சொல்லித் தனியே பதிந்தேன். ரைடு சிம்பலுக்கு, இரண்டு கையாலும் மோதி அடிக்கிற பித்தளைத் தட்டில் ஒன்றை ஜன்னல் கம்பியில் கயிற்றால் தொங்கவிட்டு, குச்சியின் நுனியால் மெல்லத் தட்டினோம். இப்படித் தனித்தனியாகப் பதிவதில் ஒரு லாபம்: பித்தளையின் ‘கிணீர்’ ஸ்னேர் மைக்குக்குள் புகுந்து எல்லாவற்றையும் மூழ்கடிக்கிற ஆபத்து இல்லை. நஷ்டமும் உண்டு: ஒரே உடம்பு கையும் காலுமாகச் சேர்ந்து வாசிக்கும்போது வருகிற ஒருமை இதில் முழுமையாக வராது. அதற்குப் பரிகாரமாக, மூன்றையும் அதே மனிதர், அதே பகலில், முதலில் பதிந்த ஸ்னேரைக் கேட்டபடியே வாசிப்பது நல்லது.

ஷேக்கர் வேண்டியவர்கள் ஒரு தகர டப்பாவில் கல்லுப்பைப் போட்டு ஆட்டிப் பார்க்கலாம். மாசி, பங்குனியில் அருமையாகப் பேசும். கார்த்திகையில் அதே உப்பு ஈரத்தைக் குடித்துக் கட்டிப்போய் மௌனவிரதம் இருக்கும். எல்லாக் காலத்துக்கும் உதவுவது ஆற்று மணல்.

கணினி வாசிக்கிற டிரம்ஸ்

பேண்டு செட் தம்பி எல்லா ஊரிலும் கிடைப்பார், ஆனால் எல்லா நேரத்திலும் கிடைக்கமாட்டார். வைகாசியில் முகூர்த்த நாள் நெருங்கிவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. அப்போது கணினிதான் கதி. அதில் இகழ்ச்சியாகப் பேச எதுவும் இல்லை. ஹைட்ரஜன் என்ற இலவச மென்பொருளே டிரம் வரிசை கட்டுவதற்குத் தாராளமாகப் போதும். குறை மென்பொருளில் இருப்பதில்லை. கட்டத்துக்குக் கட்டம் புள்ளி வைத்துவிட்டு, வேலை முடிந்துவிட்டதென்று எழுந்து போகிற நம்முடைய அவசரத்தில்தான் இருக்கிறது.

அடியின் பலத்தைக் கணினி 0 முதல் 127 வரை எண்ணாக வைத்துக்கொள்கிறது. மூன்றாவது எண்ணிக்கையின் ஸ்னேருக்கு 108 கொடுத்தால் நான்காவதற்கு 85 அல்லது 90 கொடுங்கள்; ஏழாவதற்கு 115 வரை போகலாம். ரைடு சிம்பலில் ஒற்றைப்படை எண்ணிக்கைகள் அழுத்தமாகவும் இரட்டைப்படை எண்ணிக்கைகள் தேய்ந்தும் வரட்டும். பிறகு காலம். 160 அடி வேகத்தில் ஓர் எண்ணிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே 187.5 மில்லி விநாடி இருக்கிறது. அதில் ஐந்து மில்லி விநாடி முன்பின் ஆனால் காதுக்குத் தனியே தெரியாது, உடம்புக்குத் தெரியும். கிக்கைக் கட்டத்தின் கோட்டிலேயே நிறுத்தி, ஏழாவது எண்ணிக்கையின் ஸ்னேரை மட்டும் ஐந்திலிருந்து எட்டு மில்லி விநாடி தாமதமாக்குங்கள்; தாளம் நாற்காலியில் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். எல்லா அடிகளையும் கண்மூடித்தனமாக அங்குமிங்கும் சிதறவிடுகிற ஒரு பொத்தானும் இத்தகைய மென்பொருள்களில் உண்டு. அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மனிதன் செய்கிற பிசகுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ அதே இடத்தில், அதே பக்கமாகத்தான் அவன் சாய்வான்.

இன்னும் ஓர் உபாயம், நான் மிகவும் நம்புகிறது. கிக்கையும் சிம்பலையும் கணினி வாசிக்கட்டும்; ஸ்னேரை மட்டும் கையால் அடித்துப் பதியுங்கள். சைடு டிரம் இல்லையா, பறை இருக்கிறதா? அடிக்குச்சியை விட்டுவிட்டுச் சிண்டுக்குச்சியால் மட்டும் ஓரத்தில் தட்டிப் பாருங்கள். தோலை அனலில் காய்ச்சி ஏற்றியிருந்தால் ஸ்னேருக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க கூர்மை அதற்கு வந்துவிடும். தாளத்தில் ஓர் அங்கமாவது மனிதக் கையால் ஆனதாக இருந்தால், மற்ற அங்கங்களின் இயந்திரத்தன்மையைக் காது மன்னித்துவிடுகிறது.

கிட்டாரின் முறை

இப்போது கிட்டார். இந்த இசையில் கிட்டாரின் ஈரம் என்று சொல்வது ஸ்பிரிங் ரிவர்ப் என்கிற எதிரொலிப் பெட்டியிலிருந்து வருவது. லாரன்ஸ் ஹம்மண்ட் தம் ஆர்கன் வாத்தியத்துக்காகப் பயன்படுத்திய அந்த உபாயத்தை, 1961இல் ஃபெண்டர் கம்பெனி தனிப் பெட்டியாகக் கிட்டாருக்குக் கொண்டுவந்தது. ஒலியை ஒரு முனையில் சுருள்கம்பிக்குள் செலுத்தி மறுமுனையில் எடுத்துக்கொள்வதுதான் அதன் தத்துவம். சுருளுக்குள் எல்லாச் சுருதிகளும் ஒரே வேகத்தில் பயணம் செய்வதில்லையாதலால், ‘டக்’ என்று உள்ளே போகிற அடி ஒரு நீர்த்துளி விழுகிற சத்தமாக நெகிழ்ந்து வெளியே வருகிறது. வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பாலத்தின் மேல் லேசாக அழுத்திக்கொண்டு, கம்பியைச் சுருக்கென்று வெட்டினாற்போல் அடித்தால் இந்தச் சொட்டுச் சத்தம் நன்றாகப் பிறக்கும். ஆகையால், கிட்டாரை எதிரொலியே இல்லாமல் பதிந்துவிட்டுப் பிற்பாடு கணினியில் ஈரம் சேர்த்துக்கொள்ளலாம் என்கிற சிக்கனம் இங்கே உதவாது. சொட்டு விழுவதைக் கேட்டால்தான் கை அதற்கு இடம்விட்டு வாசிக்கும். பெட்டி வாங்க வசதி இல்லாதவர்கள் கணினியின் ரிவர்ப்பையே பயன்படுத்தலாம். ஆனால் வாசிக்கும்போதே அது காதில் கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆம்ப்ளிஃபயரை டிரம் இருக்கிற அறையில் வைத்து வாசித்தால், கிட்டாரின் சில ஸ்வரங்களுக்கு ஸ்னேர்க் கம்பிகள் தாமாகவே கிர்ரென்று பதில் சொல்லும். டிரம்மின் பக்கத்தில் உள்ள நெம்புகோலைத் தள்ளிக் கம்பிகளை இறக்கிவிடுங்கள், அல்லது டிரம்மை வெளியே கொண்டுபோங்கள். மற்றொன்று, சர்ஃப் வாசிப்புக்கு உகந்த கிட்டார்களில் இருக்கிற ஒற்றைச் சுருள் பிக்கப் நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலை அப்படியே பிடித்துக் கொடுக்கும். சுழல்நாற்காலியில் உட்கார்ந்து மெல்லச் சுற்றினால் ஏதோ ஒரு திசையில் அந்த முனகல் அடங்கும்; அந்தத் திசைக்குச் சுவரில் சாக்கட்டியால் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்காரர்களுக்கென்று தனியாகச் சில சங்கடங்கள் உண்டு. பிற்பகலில் கடற்காற்று எழும்பிவிட்டால் ஜன்னல் சந்துகள் ஊளையிடத் தொடங்கும். விடியற்காலையில் பாத்திகளுக்கு உவர்நீர் இறைக்கிற மோட்டார். இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்களின் ஹாரன். திருவிழாக் காலத்தில் கூம்பு ஒலிபெருக்கி. முற்பகல் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் தெருவில் கிடைக்கிற அமைதியை நான் ஒரு சொத்தாகவே பாவிக்கிறேன். மின்விசிறியை நிறுத்தவேண்டும் என்பதால் சித்திரையில் அந்த இரண்டு மணி நேரம் தவம்தான். உப்புக்காற்று கம்பிகளைத் தின்றுவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் உட்படத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டிக்குள் மூடிவைக்க வேண்டும். கேபிள் முனைகளில் பச்சைக் களிம்பு படிந்தால் கரகரப்பு கேட்கும்; காண்டாக்ட் கிளீனர் ஒரு குப்பி வீட்டில் இருப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது எங்கள் உப்பளங்கள் வெள்ளத்துக்குள் போயின. அந்த வாரத்து ஈரத்தில் சாமான்களை மூட்டைகட்டி உயரத்தில் வைப்பதைத் தவிர வேறு ஒலிப்பதிவு வேலை யாருக்கும் இருக்கவில்லை.

எவ்வளவு உலர்த்துவது?

கிட்டார் இத்தனை ஈரமாக இருக்கையில் டிரம்ஸும் நனைந்திருந்தால் எல்லாம் கலங்கிக் குழம்பாகிவிடும். ஒன்று நனைந்தால் மற்றது உலர்ந்திருக்க வேண்டும் என்பதே இந்தப் பதிவின் சாரம். அறையின் எதிரொலியைக் குறைக்கச் சுவரில் கோரைப்பாயை மட்டும் தொங்கவிட்டால் கீச்சுச் சத்தங்கள் அடங்கும், கீழ்ஸ்தாயி அப்படியே உருளும். அதற்குக் கனம் வேண்டும்: மூலைகளில் நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை, புத்தகம் நிறைந்த அலமாரி, தடித்த ரஜாய். ஆனால் எதுவரை உலர்த்துவது என்பதில் உப்பளத்துக்காரர்களின் நிதானம் வேண்டும். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 3 டிகிரி போமே. அது வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரிக்கு வரும்போதுதான் சோற்றுப்பு படியத் தொடங்கும், முன்னால் அவசரப்பட்டால் ஒன்றும் கிடைக்காது. 29 டிகிரியைத் தாண்டியும் விட்டுவைத்தால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசந்துவிடும், மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டியதுதான். டிரம்ஸிலும் அப்படியே. கைக்குட்டை ஒன்று போதுமான இடத்தில் தலையணையை அமுக்கினால் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற சத்தம்தான் மிஞ்சும். ஸ்னேர் அடி முடிந்த பின்பு அறையின் மூச்சு ஒரு கணம் கேட்கவேண்டும்; அடுத்த அடி வருவதற்குள் அது அடங்கிவிடவேண்டும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கலவை செய்யும்போது முதலில் ஸ்டீரியோவை மறந்துவிட்டு ஒரே ஸ்பீக்கரில் கேளுங்கள். கிட்டார், ஸ்னேர், பாஸ் கிட்டார் ஆகிய மூன்றும் ஒரே புள்ளியிலிருந்து வந்தும் தனித்தனியாகக் கேட்டால் பதிவு தேறிவிட்டதென்று அர்த்தம். இது நம் முன்னோர்கள் நன்றாக அறிந்த வித்தை. 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ஒரு பாட்டில் ஒலிப்பதிவுக் கூடமே காட்சியாக வரும். மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதனும் டி.எம். சௌந்தரராஜனும் வாத்தியக் கோஷ்டியோடு திரையில் தோன்றுவார்கள். நாகேஷின் ஆட்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, வாத்தியக்காரர்கள் எங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்று கவனித்தபடி அதை மறுபடி பாருங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசித்து, ஒற்றைத் தடத்தில் இறங்கிய அந்தக் காலத்தில், பிற்பாடு சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாத்தியங்களுக்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரம்தான் கலவை. அதே ஆண்டில் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் விசுவநாதன்–ராமமூர்த்தி மேனாட்டு நடன நடைகளைக் கையாண்டபோது, கிட்டாரும் டிரம்ஸும் பாடகர்களுக்கு இடம்விட்டு ஒதுங்கியும், சமயம் வாய்த்தபோது முன்னால் பாய்ந்தும் நடந்துகொள்கிற அழகை இன்றைய மென்பொருள் எதுவும் தானாகச் செய்து கொடுத்துவிடாது.

எம்.எஸ்.வி.யின் கோஷ்டியில் கிட்டார் வாசித்த பிலிப்ஸ், டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட் ஆகியோரின் பெயர்கள் இசையில் ஊறியவர்களுக்குத்தான் தெரியும். அக்காலத்து இசைத்தட்டுகளில் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயரோடு இடம் முடிந்துவிடும். நமக்கு அந்த இடநெருக்கடி இல்லை. ஆகவே வீட்டுப் பதிவில் இறங்குகிற அன்பர்களுக்கு என் யோசனை இதுதான்: ரிவர்ப் பெட்டிக்கும் மென்பொருளுக்கும் பணம் எடுத்துவைக்கும் முன், உங்கள் ஊர்ப் பேண்டு செட்டில் சைடு டிரம் வாசிக்கிறவருக்கு ஒரு பகல் வேலைக்குரிய கூலியை ஒதுக்குங்கள், ஊர்வலத்துக்கு அவர் வாங்குவதைவிடக் குறைத்துக் கொடுக்காதீர்கள், மத்தியானச் சாப்பாடு உங்கள் வீட்டிலேயே ஆகட்டும். பாட்டை வெளியிடும்போது டிரம்ஸ் என்று போட்டு அவர் சொல்கிறபடியே அவர் பெயரைப் போடுங்கள், கிட்டார் வாசித்த உங்கள் பெயருக்கு முன்னால்.